பச்சைத் தண்ணி

இரண்டாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த பிறகு சாந்தமேரிக்கு எதை வாயில் வைத்தாலும் இரும்பு ருசித்தது. கஞ்சி இரும்பு, பால் இரும்பு, நெத்திலிச் சம்பல்கூட ஆணியைச் சப்புவதுபோல் இருக்கிறது என்றாள். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டிருந்த கட்டி முதல் ஊசியிலேயே கரையத் தொடங்கிவிட்டது. டாக்டர்கள் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார்கள். சாந்தமேரிக்கோ கட்டி இருந்தபோது உடம்பில் நோவு இல்லை; கட்டி கரையக் கரையத்தான் எழுந்து நிற்க முடியவில்லை. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு கூடத்து மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வரிசை வீடு ஒன்று. விடியும் முன்பே கன்டெய்னர் லோரிகள் ஓடத் தொடங்கிவிடும். சாலைப் புழுதி சன்னல் கம்பிகளில் மாவுபோல் படியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதிலிருந்து அவள் கணவன் லியனார்ட் அந்தக் கம்பிகளைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தான். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், வீட்டுக்குக் காவல்காரன் இல்லாத மாதிரி என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பச்சைக் காய் கூடாது, வெட்டி வைத்த பழம் கூடாது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் எதுவும் கூடாது, சாடியில் பூ கூடாது, கொதிக்காத தண்ணீர் கூடவே கூடாது. லியனார்ட் மாதா படத்துக்கு முன்னால் இருந்த பூச்சாடியை அன்றே எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ரோஜா வைத்தான். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றான், யாரும் கேட்காமலே.

ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவன் அவன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, வேலை மாற்றலாகிக் கிள்ளானுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டான். இப்போது வேன் ஓட்டுகிறான். விடியற்காலையில் நேப்பாளத்துப் பையன்களையும் பங்களாதேஷ் பையன்களையும் ஏற்றிக்கொண்டு மேருவிலுள்ள தொழிற்சாலைகளில் இறக்கிவிட்டு வருவான். சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவான். நடுவில் வீட்டு வேலை. சமையலும் துணி துவைப்பதும் மனைவி படுத்த பிறகு பழகியவை. சோற்றைக் குழைய விடுவதில் மட்டும் அவனுக்கு இன்னும் கை வரவில்லை.

மகள் குளோரியாவுக்கு வேலை அதே மேருவில், தேங்காய்ப்பாலும் மிளகாய்ச் சாந்தும் டப்பாவில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையின் லேப்பில். கிருமி பார்ப்பது அவள் வேலை. தண்ணீர், சாந்து, பால், இயந்திரத்தின் வாய், தொழிலாளர் கையுறை எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்து, சத்துத் தடவிய தட்டில் ஊற்றி, சூடான பெட்டிக்குள் ஒரு நாள் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதது புள்ளிபுள்ளியாக எழும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். லேப்பும் கோயிலும் அவளுக்கு இரண்டு வேலை நாட்கள்போல இருந்தன. ஒன்று மற்றதை எதிரில் பார்க்க வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

வந்தது சாந்தமேரியின் நேர்த்திக்கடனால்.

முதல் ஊசி உடம்பை முறித்துப்போட்ட வாரத்தில் அவள் கெபிக்கு, மாதாவின் கல்குகைக் கோயிலுக்கு, கூட்டிப் போகச் சொன்னாள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். தோட்டம் போய், தொழிலாளர் லயம் போய், இப்போது சுற்றிலும் கிடங்குகள். தோட்டத்து ஜனங்கள் கல் சுமந்து கட்டிய மாதா கெபி மட்டும் ஒரு டயர்க் கிடங்குக்கும் சாக்கடைக்கும் நடுவில் நிற்கிறது. பின்னால் பழைய கிணறு. அதிலிருந்து மோட்டார் வைத்து இறைத்து நீல நிறத் தோங் பீப்பாயில் நிரப்புவார்கள். சனிக்கிழமை மாலையில் பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பார். ஜனங்கள் போத்தலிலும் பிளாஸ்டிக் கேனிலும் தீர்த்தம் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்துக்களும் வருவார்கள், சீனக் கிழவிகளும் வருவார்கள்.

சாந்தமேரி அங்கே முழங்காலில் நிற்க முடியாமல், லியனார்டின் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னாள். "தாயே, இந்த ரெண்டாவது ஊசிய நான் தாங்கிட்டா, ஒன்பது நாளைக்கு விடிஞ்சதும் உன் பச்சைத் தண்ணியத்தான் மொதல்ல வாயில வெப்பேன்."

தாங்கிவிட்டாள். கடன் வந்து நின்றது.

குளோரியா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். தீர்த்தமே குடிக்கட்டும், கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். சாந்தமேரி சுவரைப் பார்த்தபடியே, பச்சைத் தண்ணி என்றுதானே சொன்னேன் என்றாள். லியனார்ட் அதற்கு மேல் போனான். கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஆவி போகிறதே, ஆசீர்வாதம் அதோடு போகாது என்று யாருக்குத் தெரியும் என்றான். மிச்சத்தில் என்ன இருக்கும், வெறும் கிணற்றுத் தண்ணீர். அதற்குப் பைப்புத் தண்ணீரையே குடித்துவிட்டுப் போகலாம். கொதிக்க வைத்த கெத்தலில் பிறகு கோப்பி போடலாமா கூடாதா, அடியில் தங்கும் சொட்டைச் சிங்கில் கொட்டலாமா என்றும் கேட்டான். மகளை மடக்குவதற்காக அவன் இவற்றைக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்குப் பதில் தெரியவேண்டியிருந்தது.

தீர்த்தம் பிடித்து வந்த அன்றே குளோரியா அந்தக் கேனிலிருந்து ஒரு சின்னப் போத்தல் எடுத்துக்கொண்டாள். லேப்பில் தொழிற்சாலைத் தண்ணீர் மாதிரிகளோடு அதையும் தட்டில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறு காற்றுக் குமிழி. நீலப் புள்ளி இல்லை. நீலம் இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது இல்லாதது ஆறுதல். சிவப்பு, மண்ணிலும் இலையிலும் இருப்பது. நல்ல உடம்புக்காரர்கள் குடித்தால் ஒன்றும் ஆகாது. அந்தக் கெபியில் அவளே சின்ன வயதிலிருந்து குடித்திருக்கிறாள். ஆனால் காவல்காரன் இல்லாத வீட்டில் யார் நுழைந்தாலும் திருடன்தான்.

சாயங்காலம் வேனில் அப்பாவோடு வரும்போது சொன்னாள். பின்னிருக்கைகளில் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்து, வைப்பர் பாதிக் கண்ணாடியை மட்டுமே துடைத்தது. லியனார்ட் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். பிறகு, "மாதா தண்ணியில புள்ளி இல்ல. உன் தட்டுல புள்ளி" என்றான்.

"தட்டு சுத்தமானது பா. வேற தண்ணி ஊத்துனா வராது."

"தட்டுல சாப்பாடு போட்டு, சூடு காட்டி வளக்குறீங்க. அப்பறம் பாரு வந்துருச்சுன்னு சொல்றீங்க. வா வான்னு கூப்புட்டா யாருதான் வரமாட்டான்?"

குளோரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அலுப்பில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

பங்குச் சாமியாரிடம் போவோம் என்று சொன்னது அவள்தான். ஃபாதர் திமோத்தி நாற்பது வயதுக்காரர், குருமடத்துக்குப் போகும் முன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். அன்றைக்கு இரண்டு அடக்கம் முடித்துவிட்டு வந்திருந்தார். அங்கி ஈரமாக நாற்காலியில் தொங்கியது. அவர் பெட்டியைத் திறந்து ஆறிப்போன நாசி லெமாக்கைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கொதிக்க வைத்தால் ஆசீர்வாதம் போகாது, தாராளமாகக் கொதிக்க வைக்கலாம் என்றார். ஆசீர்வாதம் ஆவியில் போகும் சாமான் இல்லை. வேண்டுமானால் முதலில் கொதிக்க வைத்துக் கொண்டு வாருங்கள், நான் திரும்ப மந்திரித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். டாக்டர் பேச்சைக் கேட்பதும் கடவுள் காரியம்தான், அதற்கும் அறிவைக் கொடுத்தது அவர்தானே என்றார். இதைப் பலமுறை பலரிடம் சொல்லிச் சலித்த குரல்.

லியனார்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, "நீங்க சொல்றது சரி ஃபாதர். ஆனா நேந்துகிட்டது மேரி. பச்சைத் தண்ணின்னு சொல்லிட்டா" என்றான்.

"பச்சைத் தண்ணின்னா வெறும் தண்ணின்னுதானே அங்கிள் அர்த்தம். பச்சைத் தண்ணிகூட வாயில வெக்கலன்னு சொல்றோமே, அதுல கொதிச்சதா கொதிக்காததான்னா பாக்குறோம்?"

"எங்க வீட்டுல பச்சைத் தண்ணின்னா கொதிக்காத தண்ணி. வேற அர்த்தம் இல்ல ஃபாதர்."

ஃபாதர் சோற்றை ஒதுக்கி வைத்தார். நேர்ச்சையை மாற்றித் தர எனக்கு அதிகாரம் உண்டு, ஒன்பது நாள் செபமாலையாக மாற்றித் தருகிறேன், ஆன்டியிடம் சொல்லுங்கள் என்றார்.

சொன்னார்கள். சாந்தமேரி முதல் தடவையாகச் சுவரிலிருந்து திரும்பிப் படுத்தாள்.

"செபமாலை நான் சும்மாவே சொல்றேன். அத எப்படிக் கடனாக் குடுக்கறது?" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இங்க வாடி. உன் ஊசிக்கு நான் ஏன் எதுக்குன்னு கேட்டேனா? சிவப்புத் தண்ணி ஏத்துனாங்க, ஒண்ணுக்குக்கூட சிவப்பாப் போச்சு. வாயத் தொறந்தேனா? உன் மனசுக்காக நான் அங்க வந்து கைய நீட்டுறேன். என் மனசுக்காக நீ ஒரு கிளாஸ் தண்ணி ஊத்திக் குடு. முடியாதுன்னா சொல்லிடு. மூணாவது ஊசிக்கு நான் வரல. கடனோட போய்ப் படுக்க மாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. அவளுக்கு மிரட்டுமளவுக்கு மூச்சு இல்லை. விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டுத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். குளோரியா சமையலறையில் போய் நின்றாள். மூன்றாவது ஊசி இல்லாவிட்டால் கட்டி திரும்ப வரும், அது நிச்சயம். சிவப்புப் புள்ளி உள்ளே போனால் காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம். நிச்சயத்தையும் இருக்கலாம் என்பதையும் எடைபோட்டுப் பார்ப்பது லேப்பில் அவளுக்குத் தினசரி வேலை. எடைபோட்டு முடித்ததும் அவள் கூடத்துக்குத் திரும்பி, நானே ஊற்றித் தருகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தொடங்கியது. குளோரியா விடிந்ததும் கேனைச் சாய்த்துக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றிக் கொடுப்பாள். சாந்தமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மூன்று மிடறில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவாள். இரும்பு ருசி இதில் மட்டும் இல்லை என்றாள் இரண்டாம் நாள். நாலாம் நாள் எழுந்து வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, லியனார்ட் மீன் கழுவுவதைப் பார்த்துக் குறை சொன்னாள். செதிலோடே குழம்பு வைக்கப் போறாரு உங்கப்பா, ரயில்வேக்காரருக்கு மீனும் தண்டவாளமும் ஒண்ணுதான் என்றாள். மூவரும் கொஞ்சம் சிரித்தார்கள். குளோரியா வேலையிலிருந்து அடிக்கடி போன் செய்து காய்ச்சல் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் லியனார்ட் கருவியில் தெரிந்த எண்ணைப் படித்துக் காட்டினான். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. சாந்தமேரி கடைசிக் கிளாஸைக் குடித்துவிட்டு, தீர்த்துட்டேன் தாயே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குளோரியா வீட்டுக்கு வந்தபோது சாந்தமேரி நடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கம்பளி போட்டும் பல் கிட்டியது. தொட்டால் கை சுட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசிமருந்து தொடங்கினார்கள். இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்துப் போத்தல்களில் விட்டுக் கிருமி வளர்க்க அனுப்பினார்கள். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய இல்லை என்றார்கள். தனி அறை, உள்ளே போக முகமூடியும் மேலங்கியும் போடவேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான். குளோரியா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் குமிழி. அந்த ரத்தப் போத்தல் எந்தப் பெட்டியில் எந்தச் சூட்டில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் என்ன எழும்பப் போகிறது என்பதும் தெரிந்ததுபோல்தான் இருந்தது. ஊற்றிக் கொடுத்தது அவள் கை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்ன சாப்பிட்டார்கள் என்று அவசரப் பிரிவில் கேட்டபோது லியனார்ட் கஞ்சி என்றான். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வார்டு டாக்டர் ஷாமினி வந்து, ரத்தத்தில் இதுவரை எதுவும் வளரவில்லை என்றார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படித்தான், காய்ச்சல் இருக்கும், காரணம் அகப்படாது, பெரும்பாலும் அவர்கள் குடலிலேயே உள்ள கிருமியாக இருக்கும் என்று விளக்கினார். மருந்தை நிறுத்தக் கூடாது, அணுக்கள் ஏறும்வரை இங்கேதான் இருக்கவேண்டும். வளரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல என்பது குளோரியாவுக்குத் தெரியும். தட்டில் எழும்பாத புள்ளிகளும் உண்டு. அவளால் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட முடியவில்லை.

அன்று மத்தியானம் நல்ல மழை. லியனார்ட் அறையிலிருந்து வெளியே வந்து, மேலங்கியைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தான். மேரியை வீட்டுக்குக் கூட்டிப் போகப் போவதாகச் சொன்னான். சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டால் விடுவார்களாம், நர்ஸிடம் கேட்டுவிட்டானாம். வீட்டுக்குக்கூட இல்லை, நேரே கெபிக்கு. மேரியிடமும் சொல்லிவிட்டான். இந்த ஏர்கோன் குளிர் இல்லாத எந்த இடமானாலும் சரி என்று அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாளாம்.

குளோரியா அவன் கையைப் பிடித்தாள். இப்போது மருந்தை நிறுத்தினால் ராத்திரி தாண்டாது என்றாள்.

"மருந்துல கேக்கல குளோரியா. மூணு நாளா ஏத்துறாங்க, எறங்குதா? கேக்காது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கடன் தீரல."

"தீந்துருச்சு பா. ஒன்பது நாளும் நான்தானே ஊத்திக் குடுத்தேன்."

"நீ ஊத்துனது பச்சைத் தண்ணி இல்ல."

அவன் மெதுவாகச் சொன்னான். தொடங்குவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, குளோரியா வேலையிலும் மேரி தூக்கத்திலும் இருந்தபோது, புதுச்சட்டி ஒன்று வாங்கி வந்து கேனில் இருந்த தீர்த்தம் முழுவதையும் கொதிக்க வைத்து, ஆற்றி, திரும்பக் கேனிலேயே ஊற்றிவிட்டான். பைப்புத் தண்ணீர் கொதிக்கும் கெத்தலில் தீர்த்தத்தை வைக்க மனம் வரவில்லை. அதனால்தான் சட்டி. "நீ அந்தப் புள்ளிய பத்திச் சொன்னல்ல. வேன் ஓட்டும்போதெல்லாம் அந்தப் புள்ளிதான். பயந்துட்டேன். மாதா மேல நம்பிக்கை இல்லாம அடுப்பு மேல நம்பிக்கை வெச்சேன். அடுத்தவங்க நேந்துகிட்டத நான் தொட்டுட்டேன். ஒன்பது நாள் மேரி என்னாத்தக் குடிச்சா? அவளுக்குத் தெரியாமலே அவள பொய்யாக்கிட்டேன்."

கொதித்த தண்ணீர். மூன்று நாட்களாகக் குளோரியாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரே நொடியில் இறங்கிவிட்டது. அவள் கொடுத்தது நஞ்சல்ல. வாய்விட்டுச் சிரித்துவிடுவாளோ என்று பயந்து முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் பாரத்தை இறக்கிவிட்ட அதே சட்டிதான் அவன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். கொதிக்க வைத்தது நல்லதே. ஃபாதரே சரி என்றார். ரத்தத்தில் எதுவும் வளரவில்லை, குடலிலுள்ள கிருமியாக இருக்கலாம், அணு குறைந்தால் யாருக்கும் வரும், அடுத்த அறைச் சீன ஆன்டிக்கும் இதே காய்ச்சல், அவர் எந்தத் தீர்த்தமும் குடிக்கவில்லை.

"அப்ப எதனால வந்துச்சு?" என்றான் லியனார்ட்.

"சரியாத் தெரியாது பா. டாக்டருக்கும் தெரியல."

"ஒங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும்."

நேர்மையாகப் பேசினால் தெரியாது என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவளால் போகமுடியாது. அவனிடமோ காரணம் இருந்தது, தேதி இருந்தது, சட்டி இருந்தது. லியனார்ட் எழுந்து நர்ஸ் மேசைப் பக்கம் நடந்தான். அங்கே நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, ரயில்வே ஆபீசில் நின்று பழகியவனாய், முறை வரும்வரை காத்து நின்றான்.

குளோரியா பின்னால் போய் அவன் தோளைத் தொட்டாள்.

"அப்பா, அம்மா குடிச்சது பச்சைத் தண்ணிதான்."

அவன் திரும்பினான்.

"வெள்ளிக்கிழமை விடிகாலையில கேனத் தொறந்ததுமே தெரிஞ்சிருச்சு, யாரோ கொதிக்க வெச்சிட்டாங்கன்னு. நீங்கதான்னும் தெரியும். அம்மாவுக்குக் குடுத்த வாக்கு எனக்குப் பெருசாப் பட்டுச்சு. அதக் கொட்டிட்டு, நம்ம மைவி கார எடுத்துட்டுக் கெபிக்குப் போயி வேற புடிச்சிட்டு வந்தேன். நீங்க வேன்ல போயிருந்தீங்க."

"பாத்தாலே தெரியுமா?"

"என் வேலை என்னா பா? கொதிச்சதுக்கும் கொதிக்காததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

தெரியாது. அவளுக்கென்ன, உலகத்தில் யாருக்கும் பார்த்தவுடன் தெரியாது. தட்டு வேண்டும், பெட்டி வேண்டும், ஒரு நாள் வேண்டும். லியனார்ட் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக அவள் வேலையைத் தட்டில் சோறு போட்டுக் கிருமி வளர்ப்பது என்று கேலி செய்தவன், முதல் தடவையாக அந்த வேலையை முழுசாக நம்பினான்.

"கொட்டுனது? எங்க கொட்டுன?"

"கறிவேப்பிலைக்கு அடியில."

"கால்ல மிதிபடாதுல்ல?"

"படாது பா."

"ஒன்பது நாளும் பச்சைத் தண்ணி."

"ஒன்பது நாளும்."

நர்ஸ் போனை வைத்துவிட்டு, என்ன அங்கிள் என்று கேட்டாள். லியனார்ட் ஒன்றுமில்லை என்றான். பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்தான். குளோரியா அவிழ்த்துவிட்டாள். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் தூங்கினான். மூன்று நாளில் அவன் தூங்கி அவள் பார்த்தது அப்போதுதான்.

மாலையில் டாக்டர் ஷாமினி மறுபடி வந்தார். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, மருந்தை மாற்றப் போகிறோம், ஒன்றிரண்டு விஷயம் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். இந்த இரண்டு வாரத்தில் வெளிச்சாப்பாடு ஏதாவது? இல்லை. செல்லப்பிராணி? இல்லை. குடித்த தண்ணீர் எல்லாம் கொதித்ததுதானே?

குளோரியா வாயைத் திறப்பதற்குள் லியனார்ட் சொன்னான். அவனுக்கு டாக்டரிடம் மறைத்துப் பழக்கமில்லை. "இல்ல டாக்டர். கிணத்துத் தண்ணி, தீர்த்தம். ஒன்பது நாளைக்குக் கொதிக்காமதான் குடுத்துச்சு என் மக. நேத்திக்கடன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் குளோரியாவைப் பார்த்தார். அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவரும் நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாதவர்போல் தெரிந்தார்.

"நீங்க லேப்ல வேலை செய்றீங்கன்னு சொன்னீங்கதானே, அக்கா? மைக்ரோபயாலஜிதானே?"

"ஆமா டாக்டர்."

"அங்கிள் செஞ்சா எனக்குப் புரியும். நீங்க செய்யலாமா? அவங்களுக்கு அணுவே இல்ல. கிணத்துத் தண்ணில என்னா இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?"

குளோரியா அப்பாவைப் பார்க்கவில்லை. "சாரி டாக்டர்" என்றாள்.

டாக்டர் கோப்பில் இரண்டு வரி எழுதினார். மலம் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் மிச்சமிருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். இல்லை, தீர்ந்துவிட்டது என்றாள் குளோரியா. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். கூட நின்ற பயிற்சி டாக்டர்கள் இரண்டு பேர் குளோரியாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

லியனார்ட் கீழே இறங்கிப் போய்க் கேன்டீனில் இரண்டு தே ஓ வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை மகள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாந்தமேரி கம்பளிக்குள் சின்னதாகக் கிடந்தாள். புது மருந்தைத் தொங்கவிட்டு நர்ஸ் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ஏசுனத மனசுல வெச்சிக்காத" என்றான் லியனார்ட். "அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு."

குளோரியா தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"கடன்தான் தீந்துருச்சே. இனிமேலாவது கொதிக்க வெச்சுக் குடு லா."